பசுமை நிதி ஆய்வில் உதவியாளர் பணி: நான்கு வாய்ப்புகளில் எது யாருக்கு?

பொருளியலிலோ வணிகவியலிலோ சுற்றுச்சூழல் அறிவியலிலோ முதுநிலைப் பட்டம் முடித்தவர்கள் பலர் அண்மைக் காலமாக ஒரே தயக்கத்தோடு ஆலோசனை கேட்கிறார்கள். சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்குப் பணம் திரட்டும் பசுமை நிதியும் சுற்றுச்சூழல் மாற்றமும் சந்திக்கும் துறையில் ஆய்வு உதவியாளராகச் சேர அவர்களுக்கு விருப்பம் இருக்கிறது. ஆனால் இந்தியப் பல்கலைக்கழகத் திட்டம், கொள்கை ஆய்வு அமைப்பு, நிறுவனங்களின் சூழல், சமூக, நிர்வாகப் பொறுப்பை அளந்து மதிப்பெண் தரும் இஎஸ்ஜி மதிப்பீட்டு நிறுவனம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஆகிய நான்கில் எதைத் தேர்வது என்று தெரியவில்லை. நான்கிலும் பதவியின் பெயர் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றுதான் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அவை வெவ்வேறு வேலைகள்.

இத்துறையில் ஆட்கள் தேவைப்படுவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. பணப்பாய்வுகள் குறைந்த உமிழ்வுப் பாதைக்கு இசைவாக அமைய வேண்டும் என்பதை 2015 பாரிஸ் ஒப்பந்தம் தன் இரண்டாம் பிரிவிலேயே குறிக்கோளாக வைத்தது. காலநிலை அபாயத்தை ஆராயும் மத்திய வங்கிகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பில் இந்திய ரிசர்வ் வங்கி 2021இல் சேர்ந்தது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பிஆர்எஸ்ஆர் எனப்படும் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்தது. இந்திய அரசு 2023 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இரு தவணைகளாக 16,000 கோடி ரூபாய்க்குத் தன் முதல் பசுமைக் கடன்பத்திரங்களை வெளியிட்டது. இவற்றால் குவியும் ஆவணங்களை வாசித்து, எண்களைச் சரிபார்த்து, நிலத்தில் நடப்பதோடு பொருத்திப் பார்ப்பவரே ஆய்வு உதவியாளர்.

## ஒரே கேள்வி, நான்கு மேசைகள்

வேறுபாட்டை விளக்க நமக்குத் தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதியில் 1980களின் இறுதியிலிருந்து காற்றாலைகள் நிறுவப்பட்டன. விரைவுத் தேய்மானம் என்ற வருமானவரிச் சலுகையும், நூற்பாலைகள் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு மின்சாரம் தேடியதும் அந்த முதலீட்டுக்குப் பெரிய காரணங்கள். அன்று நிறுவியவற்றுள் பல, 250 கிலோவாட் அல்லது அதற்கும் குறைந்த திறன் கொண்ட சிறிய ஆலைகள். நல்ல காற்று வீசும் இடங்களை அவையே பிடித்திருக்கின்றன. அவற்றை அகற்றிவிட்டுப் பெரிய ஆலைகளை நிறுவுவதற்கென்று தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டது. இந்த மாற்றத்துக்குப் பணம் எங்கிருந்து, எந்த நிபந்தனையில் வரும் என்பது பசுமை நிதியின் அசலான கேள்வி.

பல்கலைக்கழக ஆய்வாளர் இதே கேள்வியை, தென்மேற்குப் பருவக்காற்றின் போக்கு மாறினால் இருபது ஆண்டுக் கடனைத் திருப்பிச் செலுத்தும் திறன் என்னவாகும் என்று கேட்பார். கொள்கை ஆய்வு அமைப்பு, ஒரே காற்றாலைப் புலத்தில் பல உரிமையாளர்கள் இருக்கும்போது எந்த வகைக் கடன் உத்தரவாதம் வங்கியைக் கடன் தர இசையவைக்கும் என்று கேட்கும். மின்வாரியத்தில் மின்சாரத்தைக் கணக்கு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதி, மாற்றப்பட்ட ஆலைக்கும் தொடருமா என்பதையும் அது விசாரிக்கும். மதிப்பீட்டு நிறுவனத்துக்கு, ஒரு குறிப்பிட்ட நூற்பாலை தன் காற்றாலை மின்சாரத்தை உமிழ்வுக் கணக்கில் சரியாகக் காட்டியிருக்கிறதா, அதற்கு என்ன மதிப்பெண் என்பதே பொருட்டு. வெளிநாட்டுக் குழுவோ உலகம் முழுவதுமுள்ள காற்றாலைகளைச் செயற்கைக்கோள் படங்களில் அடையாளம் காணும் முறையொன்றை உருவாக்கும். முப்பந்தல் அதில் சில புள்ளிகளாக இடம்பெறும்.

நான்குமே மதிப்புள்ள பணிகள்தாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நீங்கள் எதில் தேர்ந்தவராக வெளியே வருவீர்கள் என்பது நான்கிலும் வேறுவேறு.

## எவற்றை வைத்து அளப்பது

சம்பளமும் நிறுவனத்தின் பெயரும் முதலில் கண்ணில் படுகின்றன. அவற்றைப் பின்னுக்குத் தள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் அளவுகோல், உங்களை வழிநடத்தப்போகிறவர். இந்தத் துறை இரண்டு அறிவுப்புலங்களின் எல்லையில் நிற்கிறது. நிதித் துறையிலிருந்து வந்தவருக்குப் பருவமழைத் தரவின் குறைகள் தெரியாமல் இருக்கலாம். சூழலியலிலிருந்து வந்தவருக்குக் கடன்பத்திரத்தின் விலை எப்படி நிர்ணயமாகிறது என்பது தெரியாமல் இருக்கலாம். உங்களிடம் எந்தப் பக்கம் வலுவோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் வலுவுள்ள ஒருவரிடம் சேர்வதே நல்லது. பொருளியல் படித்தவர் இன்னொரு பொருளியலாளரிடம் சேர்ந்தால் வேலை எளிதாகப் போகும். ஆனால் அவர் புதிதாகக் கற்பது குறைவு.

இரண்டாவது, தரவு. இதை விண்ணப்பிப்பவர்கள் கேட்பதே இல்லை. என் பார்வையில் மிகப் பெரிய மறைசெலவு இதுதான். நிறுவனங்களின் நிதித் தரவுத்தளங்களுக்கான உரிமக் கட்டணத்தைத் தனிமனிதர் கட்ட முடியாது. அந்த உரிமம் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், நீங்கள் வெளியேறும் நாளில் அணுகலும் முடிந்துவிடும். ஓர் ஆண்டு உழைத்து உருவாக்கிய ஆய்வை அதற்குப் பிறகு திருத்தவோ விரிவாக்கவோ இயலாத நிலை வரும். மாறாக, நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து இந்திய வானிலைத் துறை தரும் மழைத்தரவு, ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈரா-5 (ERA5) காலநிலைத் தரவு, பங்குச்சந்தை இணையதளங்களில் கிடைக்கும் பிஆர்எஸ்ஆர் அறிக்கைகள் போன்ற திறந்த தரவுகளைக் கையாளக் கற்றிருந்தால், எங்கே போனாலும் அந்தத் திறன் உங்களோடு வரும். ஆகவே, ஒரு பணியில் எந்தெந்தத் தரவைத் தொடுவோம், அதில் எவ்வளவு வெளியே எடுத்துச்செல்லத் தக்கது என்பதைத் தொடக்கத்திலேயே விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, உங்கள் உழைப்பு யார் பெயரில் வெளிவரும் என்பது. நான்காவது, சம்பளத்தையும் பணிக்காலத்தையும் சேர்த்துப் பார்ப்பது. ஐந்தாவது, அங்கிருந்து அடுத்து எங்கே போக முடியும் என்பது.

## இந்தியப் பல்கலைக்கழகத் திட்டப்பணி

சென்னையிலேயே இதற்குத் தளங்கள் உண்டு. சுற்றுச்சூழல் பொருளியலுக்குச் சென்னைப் பொருளியல் பள்ளி, காலநிலை மாற்றத்துக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் மையம், பொறியியலும் கொள்கையும் சேரும் ஆய்வுகளுக்கு ஐஐடி மெட்ராஸ் ஆகியவை முதலில் நினைவுக்கு வருபவை. காற்றாலைக் கேள்விக்கென்றால் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் அருகிலேயே இருக்கிறது.

இந்த வழியின் பெரும்பலம் நிதானம். ஒரு முடிவு ஏன் அப்படி வந்தது என்று மூன்று மாதம் தோண்டிப் பார்க்க வேறு எந்த அலுவலகமும் இடம் தராது. முனைவர் பட்டத்துக்குப் போக எண்ணுபவருக்கு அந்தப் பழக்கம் இன்றியமையாதது. தண்ணீர் பயன்பாட்டை எடுத்துக்கொள்வோம். பிஆர்எஸ்ஆர் அறிக்கையில் நிறுவனங்கள் எடுக்கும் நீரின் மொத்த அளவு கட்டாயக் கேள்வி. நீர்ப் பற்றாக்குறைப் பகுதிகளில் எடுக்கும் அளவு விருப்பக் கேள்விகளில் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதலீட்டாளருக்குத் தேவைப்படுவது இரண்டாவது எண்தான். அந்த இடைவெளியை நிரப்ப, ஒவ்வோர் ஆலையின் இருப்பிடத்தையும் தேடிப் பிடித்து நிலத்தடி நீர் வரைபடத்தோடு பொருத்த வேண்டும். சலிப்பூட்டும் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்து முடிப்பவருக்கு, அறிக்கைகளை மட்டும் வாசித்தவருக்குக் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். நெட் என்ற தேசியத் தகுதித்தேர்வு வழியாக ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், எஸ்ஆர்எஃப் எனப்படும் முதுநிலை உதவித்தொகை நிலைக்கு உயர்ந்தபின் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படியும் உண்டு. திட்டப்பணியில் சேரும் உதவியாளருக்கோ அந்தத் திட்டத்தின் விதிப்படிதான் தொகை. நெட், கேட் போன்ற தகுதி இல்லாதவருக்கு அது குறைவாகவே இருக்கும். நிதி வழங்கும் அமைப்பிடமிருந்து தவணை வரத் தாமதமானால் உதவித்தொகையும் தாமதமாகும். ஊரை விட்டு வந்து வாடகை கொடுத்துத் தங்குபவர் இரண்டு, மூன்று மாதச் செலவைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு சேர்வதே பாதுகாப்பு. ஒப்பந்தத்தை ஆறு மாதம், ஓராண்டு என்று துண்டுதுண்டாக நீட்டிப்பது வழக்கம். கொள்முதல் கோப்பு, பயணப்படிக் கோப்பு, கருத்தரங்க ஏற்பாடு என்று ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத வேலைகளும் உதவியாளர் தலையில் விழும்.

பெயர் சேர்ப்பு விஷயத்தில் இங்கே எழுதப்பட்ட நடைமுறை பெரும்பாலும் இருப்பதில்லை. எல்லாம் பேராசிரியரின் குணத்தைப் பொறுத்தது. அவருடைய முந்தைய கட்டுரைகளை எடுத்து, அவரிடம் பணியாற்றிய உதவியாளர்களின் பெயர் ஆசிரியர் வரிசையில் இருக்கிறதா, நன்றியுரையில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் நேர்காணலில் கிடைக்கும் எந்த உறுதிமொழியையும்விட அது நம்பத்தக்கது.

## கொள்கை ஆய்வு அமைப்பு

டெல்லியில் 2010 முதல் இயங்கும் சிஇஇடபிள்யூ, காலநிலைக்கான பணப்பாய்வுகளைத் தொடர்ந்து கணக்கிடும் கிளைமேட் பாலிசி இனிஷியேட்டிவ் போன்றவை இந்த வகை. இங்கே நேரம் குறைவு, வாசகர் வேறு. அமைச்சக அதிகாரியோ வங்கியின் கடன் பிரிவு மேலாளரோ இருபது பக்கத்தில் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். புள்ளியியல் மாதிரியின் நுட்பத்தைவிட, அரசாணையையும் மின்கட்டண ஆணையையும் பிழையின்றி வாசிக்கத் தெரிவது இங்கே அதிகம் பயன்படும். வரவுசெலவுத் திட்ட ஆவணத்தில் எந்தத் தலைப்பின்கீழ் எந்தத் தொகை ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் திறமையைப் பல்கலைக்கழகம் கற்றுத்தருவதில்லை.

சம்பளம் பல்கலைக்கழகத் திட்டத்தைவிடப் பொதுவாகக் கூடுதல். ஆனால் டெல்லியிலோ பெங்களூருவிலோ தங்கும் செலவைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை ஒப்பிட வேண்டும். சென்னையில் பெற்றோர் வீட்டிலிருந்து பணிக்குப் போகும் ஒருவருக்குக் குறைந்த தொகையே அதிகச் சேமிப்பைத் தருவதும் உண்டு.

இங்கே மறைந்திருக்கும் அபாயம் நிதியின் ஊற்று. இத்தகைய அமைப்புகள் பல வெளிநாட்டு அறக்கட்டளைகளின் கொடையை நம்பியிருக்கின்றன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தம், பெற்ற கொடையை மற்றோர் அமைப்புக்குப் பகிர்வதைத் தடைசெய்து, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. டெல்லியின் மூத்த ஆய்வு அமைப்புகளில் ஒன்றான கொள்கை ஆய்வு மையத்தின் வெளிநாட்டு நன்கொடை உரிமம் 2023 பிப்ரவரியில் இடைநிறுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் ரத்தானது. அங்கிருந்த ஆய்வாளர்களில் பெரும்பாலோர் வெளியேற நேர்ந்தது. அவர்களுடைய திறமைக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பில்லை. ஆகவே சேருமுன், உங்கள் பணியிடத்துக்கான பணம் எங்கிருந்து, எத்தனை மாதத்துக்கு வருகிறது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொடையாளருக்கு எந்தக் கேள்வி பிடிக்கிறதோ அந்தக் கேள்விக்கே பணம் வருகிறது. சூரிய மின்சாரத்துக்கும் மின்வாகனத்துக்கும் நிதி கிடைக்கும் அளவுக்கு ஏரி மீட்புக்கோ மீனவர் வாழ்வாதாரக் காப்பீட்டுக்கோ கிடைப்பதில்லை. உங்கள் ஆர்வம் இரண்டாவது வகை என்றால், தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற களத்தோடு ஒட்டிய அமைப்புகளையும் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

## இஎஸ்ஜி மதிப்பீட்டு நிறுவனம்

மாதச் சம்பளம் தவறாமல் வரும். பெரும்பாலும் நிரந்தரப் பணி. கல்விக்கடனை அடைக்க வேண்டியவருக்கும், குடும்பம் நடத்த வேண்டியவருக்கும் இதுவே முதல் தேர்வாகலாம், அதில் எந்தத் தாழ்வும் இல்லை. வேதிப்பொருள், சிமெண்ட், வங்கி என்று துறைதோறும் நூற்றுக்கணக்கான அறிக்கைகளை வாசிப்பதால், ஒரு நிறுவனம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பிடிக்கும் கூர்மை வேகமாக வளரும்.

ஆனால் இதை ஆய்வுப்பணி என்று எண்ணிச் சேர்பவர் ஏமாறுவார். கேள்விப் பட்டியல் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். அதை மாற்றும் உரிமை புதியவருக்கு இல்லை. உலகின் ஆறு மதிப்பீட்டு நிறுவனங்கள் ஒரே நிறுவனங்களுக்குத் தந்த மதிப்பெண்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, அவற்றிடையே சராசரி ஒட்டுறவு (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.54 மட்டுமே என்று கண்டது. கடன் தர மதிப்பீடுகளில் அது ஏறத்தாழ ஒன்றை நெருங்குகிறது. அவ்வளவு வேறுபாடு ஏன் என்பது அருமையான ஆய்வுக்கேள்வி. அதை ஆராயும் இடம் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு உள்ளே பெரும்பாலும் இருக்காது.

இந்தியாவில் இத்தகைய நிறுவனங்களை 2023 முதல் செபி பதிவுசெய்து ஒழுங்குபடுத்துகிறது. மதிப்பீட்டுக்கான கட்டணத்தை மதிப்பிடப்படும் நிறுவனமே செலுத்துகிறதா, அறிக்கையை வாங்கும் முதலீட்டாளர் செலுத்துகிறாரா என்பதை விசாரியுங்கள்; அன்றாட வேலையில் உங்கள் மீதான அழுத்தம் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை அது காட்டிவிடும். நீங்கள் எழுதும் குறிப்புகளை வெளியே காட்ட முடியாது என்பதும், சொந்தப் பங்கு முதலீட்டில் கட்டுப்பாடு வரும் என்பதும் பணி ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் இருக்கும்.

## வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்

ஆக்ஸ்ஃபோர்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கே சுற்றுச்சூழல் மாற்ற நிறுவனம் 1991 முதலும், நீடித்த நிதிக்கான ஆய்வுத் திட்டம் 2012 முதலும் இயங்குகின்றன. உலகெங்குமுள்ள சிமெண்ட், இரும்பு உருக்கு ஆலைகளை இருப்பிடத்தோடு பட்டியலிட்ட திறந்த தரவுத்தளங்களை உருவாக்கிய கூட்டு முயற்சியில் அப்பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு. நிதியியலாளரும் புவியியலாளரும் ஒரே அறையில் உட்கார்ந்து பணிபுரியும் சூழல் அங்கே கிடைப்பதுபோல் இங்கே இன்னும் அமையவில்லை. முறையியலைக் கற்க அதைவிடச் சிறந்த இடங்கள் குறைவு.

செலவுக் கணக்கு கடினமானது. அங்கும் உதவியாளர் பணி பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுக்கு உட்பட்டது. பிரிட்டனின் திறன் பணியாளர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டாகவும், 2025 ஜூலையில் 41,700 பவுண்டாகவும் உயர்ந்தது. பல உதவியாளர் பணிகளின் தொடக்கச் சம்பளம் அதற்குக் கீழே நிற்கிறது. இளம் பணியாளருக்கான குறைந்த வரம்பு பொருந்துகிறதா என்பதைப் பார்த்த பிறகே விண்ணப்பிப்பதில் பொருளுண்டு. மருத்துவக் கூடுதல் கட்டணம் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. விசாக் காலம் முழுவதற்குமான தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் இந்தச் செலவைத் திருப்பித் தருகின்றன, சில தருவதில்லை. அங்கேயே முதுநிலை படித்து, படிப்புக்குப் பிந்தைய விசாவில் இருப்பவருக்கு இந்தத் தடைகள் குறைவு. இங்கிருந்து நேராகப் போக நினைப்பவருக்கு வாசல் மிகக் குறுகலானது.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. இந்தியாவைப் பற்றிய தரவைச் சேகரிக்கவும் அறிக்கைகளைப் புரிந்துகொள்ளவும் அங்குள்ள குழுக்களுக்கு இந்திய உதவியாளர் தேவைப்படுகிறார். ஆனால் கேள்வியை வகுக்கும் கூட்டத்தில் அவர் இடம்பெறாமல் போகலாம். களத்தை அறிந்த ஒருவர் போனால், ஒரு காற்றாலைப் புலத்தின் உரிமையாளர்கள் கூட்டு ஒப்பந்தத்துக்கு ஏன் தயங்குகிறார்கள் என்று எடுத்துச்சொல்லி ஆய்வின் போக்கையே மாற்ற முடியும். களத்தை அறியாமல் போனால் தரவைத் துப்புரவு செய்பவராகவே திரும்ப நேரும். ஆகவே இங்கே ஓரிரு ஆண்டு வேலை செய்துவிட்டுப் போவதையே பரிந்துரைப்பேன்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | இந்தியப் பல்கலை | கொள்கை ஆய்வு | மதிப்பீட்டு நிறுவனம் | வெளிநாட்டுப் பல்கலை |
|---|---|---|---|---|
| கேள்வியை வகுப்பவர் | பேராசிரியர், ஓரளவு நீங்களும் | கொடையாளரும் அரசுத் தேவையும் | நிலையான கேள்விப் பட்டியல் | ஆய்வுக்குழுத் தலைவர் |
| தரவு | பெரும்பாலும் திறந்தவை | அரசு ஆவணங்கள், நேர்காணல்கள் | விரிவானவை, வெளியே வராதவை | விரிவானவை, உரிமக் கட்டுப்பாடு உண்டு |
| உங்கள் பெயர் | பேராசிரியரைப் பொறுத்தது | அறிக்கையில் பொதுவாக இடம்பெறும் | அரிது | முன்கூட்டியே பேசி முடிவுசெய்யலாம் |
| வருமானம் | குறைவு, தாமதமாகலாம் | நடுத்தரம் | உறுதியானது | எண்ணில் அதிகம், செலவும் அதிகம் |
| மறைசெலவு | அலுவலகக் கோப்பு வேலை | நிதி திடீரென நிற்றல் | ஆய்வுக்கு இடமின்மை | விசா, குறுகிய காலம் |
| அடுத்த படி | முனைவர் பட்டம் | அரசு ஆலோசனை, பன்னாட்டு அமைப்பு | வங்கி, முதலீட்டு நிறுவனம் | முனைவர் பட்டம், பன்னாட்டு ஆய்வு |

## யாருக்கு எது

முனைவர் பட்டம்தான் இலக்கு என்று உறுதியாகத் தெரிந்தவர், நல்ல பேராசிரியர் ஒருவர் கிடைத்தால் இந்தியப் பல்கலைக்கழகத் திட்டத்திலேயே சேரலாம். அப்படி ஒருவர் கிடைக்கவில்லையென்றால், பெயர் பெற்ற நிறுவனம் என்பதற்காக மட்டும் சேர வேண்டாம். இலக்கு இன்னும் தெளியாதவருக்குக் கொள்கை ஆய்வு அமைப்பில் இரண்டு ஆண்டு என்பதே என் பரிந்துரை. அங்கே வங்கியாளர், அதிகாரி, பொறியாளர், விவசாயி என்று எல்லாத் தரப்பையும் சந்திப்பதால், எந்தத் திசையில் போவது என்பது தானாகத் தெளிவாகும். வீட்டுப் பொறுப்பு உள்ளவர் மதிப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்து, மாலை நேரத்தில் திறந்த தரவை வைத்துச் சொந்தமாகச் சிறு ஆய்வு ஒன்றைச் செய்துவரலாம். அதற்குப் பணி ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நிதியும் புவித்தகவலும் இரண்டும் ஓரளவு கைவந்தவருக்கே வெளிநாட்டு வாய்ப்பு முழுப் பயன் தரும்.

எதில் சேர்வதானாலும் ஆர் அல்லது பைத்தான் இரண்டில் ஒன்றையும், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளையும் முன்பே பழகிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கட்டணமில்லை. ஒரு மாவட்டத்தின் மழைத்தரவையும் அங்குள்ள ஒரே ஒரு நிறுவனத்தின் மூன்று ஆண்டு பிஆர்எஸ்ஆர் அறிக்கையையும் வைத்து நான்கு பக்கக் குறிப்பு எழுதி விண்ணப்பத்தோடு இணைத்தால், நீண்ட சான்றிதழ்ப் பட்டியலைவிட அது உங்களை நன்றாக அறிமுகப்படுத்தும்.

நேர்காணலின் முடிவில் உங்களைக் கேள்வி கேட்கச் சொல்வார்கள். இந்தப் பணியிடத்துக்கான நிதி எந்தத் தேதியில் முடிகிறது, நான் உருவாக்கும் தரவை வெளியேறிய பின் பயன்படுத்தலாமா, ஆசிரியர் வரிசையை எப்போது முடிவுசெய்வீர்கள் என்ற மூன்றையும் பணிவாகக் கேளுங்கள். முன்பு அந்த இடத்தில் இருந்தவரோடு பேச அனுமதியும் கேளுங்கள். அவருடைய தொடர்பைத் தயக்கமின்றித் தருகிறவர்களிடம் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் சேரலாம்.